மைனர் லீக் பேஸ்பால்: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கா வந்து இரண்டு மூன்று வருஷம் ஆன நம்மவர்களிடம் பேஸ்பால் பார்த்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஆபீஸில் எல்லோருமாக ஒரு தடவை மேஜர் லீக் ஆட்டத்துக்குப் போனோம், உச்சி மாடத்தில் இடம் கிடைத்தது, பந்து எங்கே போனது என்றே தெரியவில்லை, பார்க்கிங்குக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவைப் பார்த்துவிட்டு அப்புறம் போகவே இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மேஜர் லீக் அணிகளுக்கு ஆட்களைத் தயார் செய்யும் மைனர் லீக்கில் தொடங்குங்கள். பந்து வீசும் பிட்சரின் முகம் தெரியும் தூரத்தில் உட்காரலாம். பேட்ஸ்மேனுக்குப் பின்னால் இருந்து பிடிக்கும் கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தம் காதில் விழும். பல மைதானங்களில் நல்ல இடத்துக்கே 20 டாலருக்குள் டிக்கெட் கிடைத்துவிடும். அதற்காக அரைகுறை ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்று உங்கள் கண்ணெதிரே ஆடும் 22 வயதுப் பையனை இரண்டு வருஷம் கழித்துத் தொலைக்காட்சியில் பார்க்கலாம்.

நான் அதிகம் பார்ப்பது பேஸ்பால். அதனால் அதை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

1. ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள், ஆக மொத்தம் 120. மேலிருந்து கீழே வரிசை இது: டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குவதைவிடச் சிறுவயதிலேயே சேர்த்து நாமே வளர்க்கலாம் என்று சின்ன ஊர் அணிகளைத் தன் அணியோடு இணைக்கத் தொடங்கினார். அந்த ஏற்பாடுதான் இன்றுவரை தொடர்கிறது. 2021க்கு முன் இந்த ஏணியில் 160 அணிகள் இருந்தன. மேஜர் லீக் நிர்வாகம் அதை 120ஆகக் குறைத்தபோது, எத்தனையோ சிற்றூர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த இடத்தை இழந்தன. அது சரியான முடிவு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

ஒவ்வொரு படிக்கும் ஒரு குணம் உண்டு. சிங்கிள்-ஏயில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள், கல்லூரியில் இருந்து புதிதாக வந்தவர்கள், டொமினிகன் குடியரசில் இருந்தும் வெனிசுவேலாவில் இருந்தும் வந்த பதின்ம வயதுப் பையன்கள் என்று கலவையாக இருப்பார்கள். பந்து வேகமாக வரும், ஆனால் எங்கே வரும் என்பது வீசுபவருக்கே தெரியாது. டபுள்-ஏ தான் வடிகட்டும் இடம் என்று ஆட்டத்தை அறிந்தவர்கள் சொல்வார்கள். வெறும் வேகத்தையும் பலத்தையும் வைத்து அங்கே தாக்குப்பிடிக்க முடியாது. டிரிபிள்-ஏயில் வயது கூடியவர்கள் அதிகம்: மேலே போய்த் திரும்பி வந்தவர்கள், ஒரு அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள், கடைசியாக ஒரு வாய்ப்பு கிடைக்குமா என்று பார்ப்பவர்கள். உங்கள் வீட்டில் இருந்து இரண்டு மைதானங்கள் ஒரே தூரத்தில் இருந்தால் டபுள்-ஏக்குப் போங்கள் என்பேன். ஆட்டத்தில் பசி அங்கேதான் அதிகம் தெரியும்.

இந்த நான்குக்கும் கீழே புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி வளாகங்களில் நடக்கும் ஆட்டங்கள் உண்டு. பகல் வெயிலில், பெரும்பாலும் டிக்கெட் இல்லாமல், விரல்விட்டு எண்ணக்கூடிய பார்வையாளர்களோடு நடக்கும். ஏணிக்கு வெளியே தனித்து நிற்கும் லீக்குகளும் இருக்கின்றன: அட்லாண்டிக் லீக், அமெரிக்கன் அசோசியேஷன், ஃபிரான்டியர் லீக், பயனியர் லீக். இந்த அணிகளுக்கு மேலே எந்த அணியும் கிடையாது. மேஜர் லீக்கால் கைவிடப்பட்டவர்களும் இன்னும் எடுக்கப்படாதவர்களும் அங்கே ஆடுவார்கள்.

ஏணி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம்மோடு கொஞ்சம் தொடர்புள்ள ஒருவரைச் சொல்கிறேன். குமார் ராக்கர், பிட்சர். தாய் இந்திய வம்சாவளி, அப்பா அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். 2021 டிராஃப்டில், அதாவது மேஜர் லீக் அணிகள் முறை வைத்துப் புதிய ஆட்களை எடுக்கும் தேர்வில், நியூயார்க் மெட்ஸ் இவரைத் தேர்ந்தெடுத்தது. உடல்நிலை பற்றிய கவலையால் ஒப்பந்தம் போடவில்லை. அடுத்த வருஷம் ஃபிரான்டியர் லீக்கில் டிரை-சிட்டி அணிக்காக வீசினார். அதே 2022 டிராஃப்டில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் இவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023இல் வட கரோலினாவின் ஹிக்கரியில் ஹை-ஏ ஆடினார், முழங்கையில் அறுவைச் சிகிச்சை ஆனது. 2024இல் மறுபடி அடியில் இருந்து தொடங்கி, ஃபிரிஸ்கோவில் டபுள்-ஏ, ரவுண்ட் ராக்கில் டிரிபிள்-ஏ, செப்டம்பரில் மேஜர் லீக். ஃபிரிஸ்கோவிலும் ரவுண்ட் ராக்கிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்தக் கோடையில் அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே இது நடந்தது.

2. அணி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்களைக் குழப்புவது இதுதான். மைதானம், டிக்கெட், சாப்பாடு, அணியின் பெயர், சட்டையில் இருக்கும் படம் எல்லாம் உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆட்டக்காரர், பயிற்சியாளர், மேனேஜர் எல்லோரும் மேலே இருக்கும் தாய் அணியின் ஆட்கள். சம்பளம் கொடுப்பது தாய் அணி. யார் ஆட வேண்டும், யார் எத்தனை பந்து வீசலாம் என்று சொல்வதும் தாய் அணி. உள்ளூர் முதலாளி நினைத்தாலும் ஒரு பிட்சரைக் கூடுதலாக ஒரு ஓவர் அல்ல, ஒரு பந்து கூட வீசவைக்க முடியாது.

இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் கோபம்தான் வரும். ஆறு இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் வீசிக்கொண்டிருப்பவரைத் திடீரென்று எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அன்றைக்கு அவருக்கு 80 பந்துதான் கணக்கு. முக்கியமான ஆட்டத்துக்கு முந்தின நாள் அணியின் முதல் பேட்ஸ்மேன் காணாமல் போவார்; மேலே கூப்பிட்டிருப்பார்கள். சொந்த ஊர் கோப்பை ஜெயிப்பது இங்கே இரண்டாம்பட்சம். நீங்கள் கை தட்டிப் பார்த்த ஆள் ஊரைவிட்டுப் போவதுதான் இந்த ஊரின் வெற்றி. அதை மனதில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தால் ஆட்டமே வேறு மாதிரி தெரியும். ஸ்கோரைவிட ஆளைப் பார்க்கத் தொடங்குவீர்கள்.

3. பக்கத்தில் எது என்று தேடுங்கள்

நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடங்களை வைத்துச் சொல்கிறேன். நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருப்பவர்களுக்கு பிரிட்ஜ்வாட்டரில் சோமர்செட் பேட்ரியட்ஸ், நியூயார்க் யாங்கீஸின் டபுள்-ஏ அணி. டாலஸ் வட்டாரத்துக்கு ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ். அங்கே மைதானத்துக்குள்ளேயே மிதந்துகொண்டு ஆட்டம் பார்க்க ஒரு நீரோடை கட்டி வைத்திருக்கிறார்கள். ஹூஸ்டனில் சுகர்லேண்ட் ஸ்பேஸ் கவ்பாய்ஸ், அட்லாண்டாவின் வடக்கே குவினெட் ஸ்ட்ரைப்பர்ஸ், சியாட்டில் பக்கம் டக்கோமா ரெய்னியர்ஸ், மூன்றும் டிரிபிள்-ஏ. சிலிக்கான் பள்ளத்தாக்கில் சான் ஹோசே ஜயன்ட்ஸ், சிங்கிள்-ஏ. சிகாகோவின் புறநகர்களில் ஷாம்பர்க் பூமர்ஸ், கேன் கவுன்டி கூகர்ஸ் போன்ற தனி லீக் அணிகள் இருக்கின்றன.

டொரண்டோ தமிழர்களுக்கு ஊருக்குள் பேஸ்பால் ஏணி இல்லை. டொரண்டோவின் மேஜர் லீக் அணியான ப்ளூ ஜேஸின் டிரிபிள்-ஏ அணி எல்லை தாண்டி பஃபலோவில் இருக்கிறது. காரில் இரண்டு மணி நேரப் பயணம், எல்லையில் நிற்கும் நேரம் தனி. நயாகராவுக்கு உறவினர்களைக் கூட்டிப்போகிற அன்றைக்கு, விசா இருப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். வான்கூவரில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ப்ளூ ஜேஸின் ஹை-ஏ அணி நகருக்குள்ளேயே நாட் பெய்லி மைதானத்தில் ஆடுகிறது.

நான் இருக்கும் வட கரோலினாவில் மைனர் லீக் அணிகளுக்குப் பஞ்சமே இல்லை. டர்ஹம் புல்ஸ், சார்லட் நைட்ஸ் இரண்டும் டிரிபிள்-ஏ. கிரீன்ஸ்பரோ, வின்ஸ்டன்-சேலம், ஆஷ்வில் ஆகியவை ஹை-ஏ. ஃபயட்வில்லும் கன்னப்பொலிஸும் சிங்கிள்-ஏ. கேரியிலும் மோரிஸ்வில்லிலும் இருப்பவர்களுக்கு டர்ஹம் அரை மணி நேரம்தான். பழைய புகையிலைக் கிடங்குகளை ஒட்டி 1995இல் திறந்த மைதானம் அது. இடது பக்க எல்லைச் சுவர் 32 அடி உயரம், நீல நிறம். அதன் மேலே ஒரு பெரிய காளை மாட்டுப் பலகை நிற்கும். டர்ஹம் ஆட்டக்காரர் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி எல்லையைத் தாண்டும் அடி) அடித்தால் காளையின் கண் சிவப்பாக எரியும், வால் ஆடும், மூக்கில் இருந்து புகை வரும். மாட்டின் மேல் அடித்தால் ஸ்டேக், புல்லின் மேல் அடித்தால் சாலட் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. முதல்முதலாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இடது பக்க எல்லை தெரிகிற மாதிரி இடம் எடுங்கள். புகை வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பெயர்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். லீஹை வேலி அயர்ன்பிக்ஸ், ஜாக்சன்வில் ஜம்போ ஷ்ரிம்ப், அலபாமாவில் ராக்கெட் சிட்டி டிராஷ் பாண்டாஸ் என்றெல்லாம் வைத்திருப்பார்கள். இரும்பாலை இருந்த வட்டாரம், இறால் பிடிக்கும் கடற்கரை, ராக்கெட் செய்கிற ஊர் என்று ஒவ்வொன்றும் அந்த ஊரின் தொழிலைச் சொல்லும். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு பெருமையாகத் திரிவார்கள்.

4. நாளைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்

சீசன் மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை. எந்த அணி வந்தாலும் பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை அதே ஊரில் ஆறு ஆட்டம் ஆடும். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. இது தெரியாமல் திங்கட்கிழமைக்குத் திட்டம் போடுபவர்கள் உண்டு.

கிழமைக்கு ஒரு வழக்கம் இருக்கும். வியாழக்கிழமை பல ஊர்களில் பீர் மலிவு. கூட்டமும் சத்தமும் அதற்கு ஏற்ப இருக்கும், கைக்குழந்தையோடு போக ஏற்ற நாள் இல்லை. வெள்ளி, சனி இரவுகளில் ஆட்டம் முடிந்ததும் வாணவேடிக்கை. ஞாயிறு மதியம் குடும்பங்களுக்கானது. ஆட்டம் முடிந்தபின் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கி ரன் எடுக்க ஆட்டக்காரர்கள் தொட்டு ஓடும் நான்கு பேஸையும் சுற்றி ஓடவிடுவார்கள். மே மாதத்தில் வாரநாள் காலை 11 மணிக்கு ஒரு ஆட்டம் வைத்தால் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. ஆயிரக்கணக்கில் வந்து ஒவ்வொரு பந்துக்கும் கத்துவார்கள். அமைதியாக ஆட்டத்தைக் கவனிக்க வேண்டுமா, புதன்கிழமை இரவு போங்கள். இடம் நிறைய காலியாக இருக்கும், பக்கத்தில் இருபது வருஷமாக வருகிற ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், கேட்டதற்கு எல்லாம் பதில் சொல்வார்.

டிக்கெட்டை அணியின் சொந்த இணையதளத்தில் எடுங்கள். இடைத்தரகர் தளங்களில் கட்டணத்துக்கு மேல் கட்டணம் சேரும். பெரும்பாலான ஊர்களில் அன்றைக்கே கவுன்டரில் வாங்கலாம். மழை வந்து ஆட்டம் நின்றுவிட்டால் பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள், வேறொரு நாள் ஆட்டத்துக்கு மாற்றித் தருவார்கள். நின்றுபோன ஆட்டத்தை மறுநாள் இரட்டை ஆட்டமாக வைப்பதும் உண்டு. அப்போது ஒவ்வொன்றும் ஏழு இன்னிங்ஸ்தான், ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கக் கிடைக்கலாம்.

5. உட்காரும் இடம்

பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் இருக்கும் இடம்தான் கற்றுக்கொள்ள நல்லது. பந்து வளைவதும் கடைசி நொடியில் கீழே இறங்குவதும் அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். வலை இருக்கும், பாதுகாப்பு. வலை இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் பந்து வீசும் நேரத்தில் போனைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் பறந்து வரும் பந்து நினைப்பதைவிட மூன்று மடங்கு வேகமாக வரும், அதைக் கையால் பிடிக்கப் பார்க்காதீர்கள். கிரிக்கெட் ஆடிய கை என்று நம்பி இறங்குவது நம் ஆட்களின் பழக்கம்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் எல்லைக்கு வெளியே புல்மேடு இருக்கிறதா என்று பாருங்கள். பல மைதானங்களில் இருக்கும். போர்வை விரித்து உட்காரலாம், பிள்ளைகள் ஓடி ஆடலாம், டிக்கெட்டும் மலிவு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென் மாநிலங்களில் மாலை ஆறரைக்கும் வெயில் கொளுத்தும். மூன்றாம் பேஸ் பக்கம் பெரும்பாலும் சீக்கிரம் நிழல் விழும்.

6. போவதற்கு முன் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். அணியின் இணையதளத்தில் ஆட்டக்காரர் பட்டியல் இருக்கும். அதை எடுத்து, வயது, ஊர், எந்த வருஷம் எப்படிச் சேர்ந்தார் என்று பாருங்கள். ஒவ்வொரு தாய் அணிக்கும் முதல் 30 இளம் ஆட்டக்காரர்கள் யார் என்று மேஜர் லீக் தளத்திலேயே வரிசை போட்டிருப்பார்கள். அதில் உங்கள் ஊரில் ஆடுபவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரிசையில் இல்லாத ஒருவராகவும் இருக்கலாம். டிராஃப்டின் இருபதாவது சுற்றில் எடுக்கப்பட்டு 26 வயதிலும் விடாமல் ஆடுகிறவர்.

அன்றைக்கு முழுக்க அவரையே பாருங்கள். பயிற்சியில் என்ன செய்கிறார், பந்து அவர் பக்கம் வராதபோது எங்கே நிற்கிறார், அவுட் ஆகித் திரும்பி வந்து யாரிடம் பேசுகிறார். ஒரு மாதம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். ஏப்ரலில் வெளியே போகும் வளைவுப் பந்தை எல்லாம் துரத்தி அடித்துக்கொண்டிருந்தவர் ஜூலையில் அதைத் தொடாமல் விடுவார். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்ப்பது இந்த ஆட்டத்தில் கிடைக்கும் பெரிய சந்தோஷம். மேஜர் லீக்கில் அது கிடைக்காது; அங்கே வருபவர்கள் கற்று முடித்து வருபவர்கள்.

பிட்சரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு எச்சரிக்கை. தொடக்கப் பிட்சர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவைதான் வீசுவார்கள். அவருடைய முறை எந்த நாள் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள்.

7. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஆட்டம்

ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணிக்கும் மூன்று அவுட். அடிக்க வாகான எல்லைக்குள் வந்த பந்தை விட்டாலோ, மட்டையை வீசித் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக்; அந்த எல்லைக்கு வெளியே வந்து, அடிக்காமல் விட்ட பந்து பால். பேட்ஸ்மேன் மூன்று ஸ்ட்ரைக்கில் போவார், நான்கு பால் வந்தால் சும்மாவே முதல் பேஸுக்கு நடப்பார். இதற்கு மேல் விதிகளை முதல் நாளே படிக்க வேண்டாம், பார்க்கப் பார்க்க வரும். கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. இரண்டு பால், ஒரு ஸ்ட்ரைக் என்றால் பேட்ஸ்மேன் கை ஓங்குகிறது. பால் இல்லாமல் இரண்டு ஸ்ட்ரைக் என்றால் பிட்சர் இஷ்டப்பட்டதை வீசலாம். ஸ்கோர்போர்டில் பந்தின் வேகத்தையும் போடுவார்கள். 95 மைல் போட்டவர் அடுத்து 82 மைல் போட்டால் பேட்ஸ்மேனின் கால் எப்படித் தடுமாறுகிறது என்று பாருங்கள்.

மேஜர் லீக்கில் வரப்போகும் புதிய விதிகள் முதலில் இங்கேதான் சோதிக்கப்படும். பந்து வீச நொடிக் கணக்கு வைக்கும் கடிகாரம் 2022இல் மைனர் லீக் முழுவதும் வந்தது, அடுத்த வருஷம் மேலே போனது. அதனால் இப்போது ஒரு ஆட்டம் சுமார் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். டிரிபிள்-ஏயில் ஸ்ட்ரைக்கா பாலா என்று நடுவர் சொன்னது தவறு என்று நினைத்தால் பேட்ஸ்மேன் தன் ஹெல்மெட்டைத் தட்டுவார். அடுத்த சில நொடிகளில் கேமரா கணக்கு பெரிய திரையில் வரும். கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். மேஜர் லீக் இதை 2026இல் எடுத்துக்கொண்டது.

ஸ்கோர் சமமாக இருந்தால் கூடுதல் இன்னிங்ஸ். 2018 முதல் அப்போது இரண்டாம் பேஸில் ஒருவரை நிறுத்திவிட்டே தொடங்குகிறார்கள், சீக்கிரம் முடிய. அப்படி இல்லாத காலத்தில்தான் 1981 ஏப்ரலில் ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் அந்த ஆட்டம் நடந்தது. பாட்டக்கெட்டும் ரோச்செஸ்டரும் சனி இரவு தொடங்கி, ஈஸ்டர் ஞாயிறு விடியற்காலை நான்கு மணி தாண்டும் வரை 32 இன்னிங்ஸ் ஆடினார்கள். நள்ளிரவில் ஆட்டத்தை நிறுத்தும் விதி நடுவர் கையில் இருந்த பிரதியில் இல்லை. குளிர் தாங்காமல் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். நிறுத்தும்போது அரங்கில் இருந்த ரசிகர்கள் 19 பேர். ஜூன் மாதம் மறுபடி தொடங்கி 33ஆவது இன்னிங்ஸில், 18 நிமிஷத்தில், பாட்டக்கெட் 3-2 என்று ஜெயித்தது. தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இல்லை. அன்று எதிரெதிரே ஆடிய கால் ரிப்கனும் வேட் பாக்ஸும் பின்னாளில் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள்.

8. சாப்பாடும் மற்றதும்

ஹாட் டாக் என்றால் பொதுவாக மாடு அல்லது பன்றி. சாப்பிடாதவர்கள் வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். சைவம் என்றால் பிரெட்ஸல், பாப்கார்ன், வேர்க்கடலை, பிரெஞ்ச் ஃபிரை, சீஸ் பீட்சா எங்கும் கிடைக்கும். நாச்சோஸ் மேலே ஊற்றும் பீன்ஸில் இறைச்சி கலந்திருக்கலாம், அதையும் கேளுங்கள். திறக்காத தண்ணீர் பாட்டிலைப் பல மைதானங்கள் அனுமதிக்கின்றன. குழந்தைக்கான சாப்பாட்டுக்கும் தடை இருக்காது. புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா என்பதை அந்தந்த மைதானத்தின் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். பை விஷயத்தில் கண்டிப்பு உண்டு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை எடுத்துப்போவது நல்லது. பிள்ளைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறது என்று ஒதுங்கியிருப்பவர்களுக்கு ஒரு தகவல்: கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்ட் யார்ட் கோட்ஸ் மைதானத்தில் 2019 முதல் வேர்க்கடலையே விற்பதில்லை.

இன்னிங்ஸ் இடைவெளிகளில் பிள்ளைகளை வைத்து ஓட்டப்பந்தயம் விடுவார்கள், பொம்மை வேஷம் போட்டவர் சட்டை வீசுவார், அலபாமாவின் மான்ட்கோமரியில் கூட்டத்துக்குள் பிஸ்கட்டையே (அங்கே அது மெத்தென்ற சின்ன ரொட்டி) எறிவார்கள். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். தெரியாவிட்டாலும் எழுந்து நில்லுங்கள்.

கையெழுத்து வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக, அணி உட்காரும் பக்கத்துக் கம்பியருகே பிள்ளையை நிறுத்துங்கள். பேனா உங்களுடையதாக இருக்கட்டும். பந்தில் எழுத சாதாரண நீல பால்பாயின்ட்தான் நல்லது, மார்க்கர் மை பரவிவிடும். பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். சட்டை எண்ணைப் பட்டியலில் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பி வருவார்கள்.

9. அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்

மேஜர் லீக் ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் 2023இல் 7,20,000 டாலர். அதே வருஷம் போட்ட முதல் தொழிற்சங்க ஒப்பந்தத்தின்படி டிரிபிள்-ஏ ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சம் 35,800, டபுள்-ஏயில் 30,250, சிங்கிள்-ஏயில் 26,200. ஒப்பந்தத்துக்கு முன் நிலைமை இன்னும் மோசம். சீசன் நடக்கும்போது மட்டும் சம்பளம், ஒரு வீட்டில் ஏழெட்டுப் பேர், தரையில் மெத்தை. 2022இல்தான் தங்குமிடத்தைத் தாய் அணியே தர வேண்டும் என்று ஆனது. ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் பஸ்ஸில், இரவோடு இரவாக. இவர்களில் பெரும்பாலானவர்கள் மேலே போக மாட்டார்கள். அது அவர்களுக்கும் தெரியும். ஒருவர் தடுமாறும்போது அரங்கில் இருந்து வசை பாடுவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் இருந்து நேராக இந்த ஏணியில் கால் வைத்தவர்களும் உண்டு. ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் 2008இல் ஒரு திறமைத் தேடல் போட்டியில் கண்டெடுக்கப்பட்டு, பிட்ஸ்பர்க் பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டு, 2009இல் அடிமட்ட லீக்கில் பந்து வீசினார்கள். அந்தப் போட்டிக்கு முன் இருவரும் பேஸ்பாலைத் தொட்டதே இல்லை.

மேலே இருந்து கீழே வருபவர்களும் உண்டு. காயம் ஆறிய மேஜர் லீக் நட்சத்திரங்களைச் சில நாள் மைனர் லீக்கில் ஆடவிட்டுப் பார்ப்பார்கள். பேட்ஸ்மேனுக்கு 20 நாள், பிட்சருக்கு 30 நாள் வரை. ஓரிரு நாள் முன்னதாகத்தான் செய்தி வரும், உடனே டிக்கெட் எடுத்துவிடுங்கள். அப்படி வருபவர் அணியின் எல்லோருக்கும் நல்ல சாப்பாடு வாங்கிப்போடுவது வழக்கம்.

10. குளிர்காலத்தில்

பேஸ்பால் முடிந்ததும் அக்டோபரில் அமெரிக்கன் ஹாக்கி லீக் தொடங்கும். 32 அணிகள், ஒவ்வொன்றும் ஐஸ் ஹாக்கியின் மேஜர் லீக்கான என்.ஹெச்.எல்.லின் ஒரு அணிக்குக் கீழே. டொரண்டோவில் மார்லீஸ் அணி எக்ஸிபிஷன் பிளேஸில் ஆடுகிறது; அதன் தாய் அணியான மேப்பிள் லீஃப்ஸின் டிக்கெட் விலையைக் கேட்டு ஒதுங்கிய ஸ்கார்பரோ தமிழர்கள் ஹாக்கியை அங்கே தொடங்கலாம். பென்சில்வேனியாவில் ஹெர்ஷி பேர்ஸ் அணியின் டெடி பேர் இரவு தனி அனுபவம். சொந்த அணி முதல் கோல் போட்டதும் ரசிகர்கள் பொம்மைகளை ஐஸ் மேல் எறிவார்கள், அவை பிள்ளைகளுக்குத் தானமாகப் போகும். 2025 ஜனவரியில் எண்ணியபோது ஒரு லட்சத்தைத் தாண்டியது.

கூடைப்பந்தின் மேஜர் லீக்கான என்.பி.ஏ.வுக்குக் கீழே ஜி லீக், நவம்பர் முதல். மிசிசாகாவில் ராப்டர்ஸ் 905, ஃபிரிஸ்கோவில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ். இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் ஆளான சத்னாம் சிங் ஆடியது லெஜண்ட்ஸில்தான். இந்த லீக்கில் ஆட்கள் மேலும் கீழும் போய்வரும் வேகம் அதிகம், சனிக்கிழமை கீழே ஆடியவர் திங்கட்கிழமை மேலே ஆடுவார். அதனால் போகிற அன்று மதியம் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.